வீடியோ தயாரிப்பு நிறுவனம் வாடிக்கையாளரோடு வேலை செய்வது எப்படி? முதல் பேச்சிலிருந்து கடைசிக் கோப்பு வரை முழுமையான வழிகாட்டி

ஒரு வீடியோ வேலை சிக்கலில் மாட்டிக்கொண்டால், காரணத்தைத் தேடிப்போகும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்போம்: யாரோ ஒருவர் எடுத்திருக்க வேண்டிய முடிவு, உரிய நேரத்தில் எடுக்கப்படவில்லை. ஸ்கிரிப்டில் ஒரு வரியை மாற்ற ஐந்து நிமிடம் போதும். அதே வரியை ஷூட்டிங் முடிந்தபின் மாற்றுவதென்றால் ஆட்களைத் திரும்பக் கூட்ட வேண்டும். ஒலிகளைச் சேர்த்துச் சமன்செய்யும் மிக்ஸிங்கும் முடிந்துவிட்டது என்றால் இசை, சப்டைட்டில், மற்ற மொழிப் பதிப்புகள் என்று எல்லாவற்றிலும் மறுபடி கை வைக்க வேண்டியிருக்கும். ஆகவே வாடிக்கையாளரோடு வேலை செய்வதை நான் இப்படித்தான் பார்க்கிறேன்: ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய முடிவை, அதை எடுக்கும் அதிகாரம் உள்ளவரிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போவது. கேமரா, லென்ஸ் எல்லாம் அதற்கு அப்புறம்.

சிறிய, நடுத்தரத் தயாரிப்புக் குழுக்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வீடியோ எடுக்கக் கொடுக்கப்போகிறவர்களும் படிக்கலாம். தயாரிப்பாளர் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார் என்பது புரியும்.

படி 1: முதல் பேச்சில் விலை பேசாதீர்கள்

“எங்கள் நிறுவனத்தைப் பற்றி இரண்டு நிமிடத்தில் ஒரு வீடியோ வேண்டும், எவ்வளவு ஆகும்?” முதல் அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வரும். உடனே ஒரு தொகையைச் சொல்லத் தோன்றும். சொல்லிவிட்டால், என்ன எடுக்கப்போகிறோம் என்று தெரியாமலேயே அந்தத் தொகைக்குள் சிக்கிக்கொள்வீர்கள்.

முதலில் கேட்க வேண்டியது: இதைப் பார்த்து முடித்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்? இந்த ஒரு கேள்வி பல வேலைகளின் வடிவத்தையே மாற்றிவிடும். தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி செய்கிற நிறுவனம் ஒன்று மேலே சொன்னதுபோல் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேசப் பேசத் தெரியவருவது, ஃபில்டர் மாற்றத் தெரியாமல் சேவை மையத்துக்கு வரும் அழைப்புகள்தான் அவர்களுடைய உண்மையான தலைவலி. அவர்களுக்குத் தேவை பெருமை பேசும் இரண்டு நிமிடப் படம் இல்லை. ஒவ்வொன்றும் 40 விநாடி ஓடுகிற மூன்று செயல்விளக்க வீடியோக்கள். ஷூட்டிங் எளிது, பயனும் அதிகம்.

அடுத்து, யார் பார்ப்பார்கள், எங்கே பார்ப்பார்கள் என்று கேளுங்கள். தொலைக்காட்சிக்கும் யூடியூபுக்கும் 16:9 (அகலமான படம்), ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் 9:16 (நிமிர்ந்த படம்). இதை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அகலத்தில் எடுத்த படத்தை நிமிர்த்தி வெட்டும்போது இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருவர் காணாமல் போவார். கண்காட்சி அரங்கில் சத்தமில்லாமல் ஓடப்போகும் வீடியோ என்றால் வசனத்தை நம்பி எழுதவே கூடாது. பிறகு வெளியீட்டு நாள் என்ன, அது ஏதாவது நிகழ்ச்சியோடு சேர்ந்ததா, பட்ஜெட் தோராயமாக எந்த வரம்புக்குள் இருக்கிறது என்றும் கேளுங்கள். பட்ஜெட்டைச் சொல்லப் பலர் தயங்குவார்கள். “ஒரே யோசனையைப் பத்து விதமான செலவில் எடுக்கலாம், எந்த அளவில் யோசிக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் உங்களுக்குச் சரியானதைச் சொல்ல முடியும்” என்று நேராகச் சொன்னால் பெரும்பாலும் ஒரு வரம்பாவது கிடைக்கும்.

படி 2: கடைசியாக ‘சரி’ சொல்லப்போவது யார்?

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

உங்களோடு தினமும் பேசுபவர் பெரும்பாலும் மார்க்கெட்டிங் பிரிவில் இருப்பார். அவருக்கு ஸ்கிரிப்ட் பிடிக்கும், ரஃப் கட் (முதல்கட்ட எடிட்) பிடிக்கும். எல்லாம் முடிந்து வெளியீட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நிறுவனத் தலைவர் முதல் தடவையாகப் பார்ப்பார். “நம் புதிய தயாரிப்பு இதில் இல்லையே?” என்பார். யார்மேலும் தப்பில்லை, அவரிடம் யாரும் முன்னாலேயே காட்டவில்லை, அவ்வளவுதான்.

அதனால் தொடக்கத்திலேயே மூன்று பெயர்களை எழுதி வாங்குங்கள்: அன்றாடம் தொடர்புகொள்ள ஒருவர், சட்டம் அல்லது தொழில்நுட்ப விவரங்களைச் சரிபார்க்க ஒருவர், கடைசி ஒப்புதல் தர ஒருவர். மூன்றாமவர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் ஸ்கிரிப்டையும் ரஃப் கட்டையும் அவர் பார்த்தாக வேண்டும் என்று அட்டவணையிலேயே நாள் குறித்துவிடுங்கள். நேரமில்லை என்றால் பதினைந்து நிமிட அழைப்பு போதும். “அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்” என்று நடுவில் இருப்பவர் சொல்வார். பணிவாக, ஆனால் விடாமல் வற்புறுத்துங்கள். நடுவில் இருக்கிறவருக்கும் அதுதான் நல்லது.

படி 3: ப்ரீஃபை நீங்களே எழுதித் திருப்பி அனுப்புங்கள்

வாடிக்கையாளர் ப்ரீஃப் (என்ன வேண்டும் என்ற சுருக்கக் குறிப்பு) தந்தாலும், பேசியதை வைத்து ஒரே பக்கத்தில் உங்கள் சொற்களில் எழுதி அனுப்புங்கள். நோக்கம், பார்வையாளர், சொல்ல வேண்டிய ஒரே ஒரு முக்கியச் செய்தி, நீளம், வடிவங்கள், மொழிகள், தேதி, ஒப்புதல் தருபவர்கள். ‘செய்தி’ என்ற இடத்தில் ஐந்து விஷயம் இருந்தால் அவர்களிடமே கேட்டு ஒன்றாகக் குறையுங்கள். “சரி, இதுதான்” என்று பதில் வந்தபிறகே கொட்டேஷன்.

படி 4: கொட்டேஷன்

ஒரே மொத்தத் தொகையாகப் போடாமல் ஷூட்டிங்குக்கு முந்தைய வேலை, ஷூட்டிங், எடிட்டிங்கும் முடிப்பு வேலையும், உரிமக் கட்டணங்கள் என்று பிரித்துக் காட்டுங்கள். எதிர்பாராச் செலவுக்கு 10 சதவீதம் ஒதுக்குவது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். எது சேர்ந்திருக்கிறது என்பதோடு எது சேரவில்லை என்பதையும் எழுதுங்கள்: பயணம், தங்கும் செலவு, கூடுதல் மொழி டப்பிங், நடிகர் கட்டணம், ஷூட்டிங் நாள் குறித்த மணி நேரத்தைத் தாண்டினால் ஓவர்டைம்.

பட்ஜெட் போதாது என்று வந்தால் அதே வேலையைக் குறைந்த விலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலையின் அளவைக் குறையுங்கள். இரண்டு லொகேஷனை ஒன்றாக்கலாம், நடிகருக்குப் பதில் வாய்ஸ் ஓவர் வைக்கலாம், ட்ரோன் காட்சியை விடலாம். விலையை மட்டும் குறைத்தால், முதலில் சொன்ன விலை உண்மையில்லை என்றுதான் எதிரில் இருப்பவருக்குத் தோன்றும்.

படி 5: ஒப்பந்தம்

பலரும் கூச்சப்பட்டுத் தாண்டிப்போகிற கட்டம் இது. நண்பர், உறவினர், பல வருட வாடிக்கையாளர் என்று யாராக இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

பணம்: கையெழுத்தின்போது 50 சதவீதம், ஷூட்டிங் சமயத்தில் 25, ஒப்படைக்கும்போது 25 என்பது பலர் பின்பற்றும் பிரிப்பு. கடைசித் தவணையை ‘திருப்தி அடைந்தபின்’ என்று எழுதாதீர்கள். ஒப்படைப்பு நாளோடோ குறிப்பிட்ட ஒரு தேதியோடோ கட்டிவிடுங்கள். பார்வைக்கு அனுப்பும் கோப்புகளில் வாட்டர்மார்க் இருக்கட்டும். முழுத்தொகை வந்தபின் சுத்தமான மாஸ்டர் (முழுத் தரத்தில் கடைசிக் கோப்பு).

உரிமை: முடிந்த படம் யாருடையது? இதற்கு நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். பிரிட்டனின் 1988 சட்டம் படத்தின் தயாரிப்பாளரையும் முதன்மை இயக்குநரையும் அதன் ஆசிரியர்களாகக் கொள்கிறது. வாடிக்கையாளருக்கு உரிமை போக வேண்டுமென்றால் எழுதி மாற்றித்தர வேண்டும். அமெரிக்காவிலும், வெளியாளிடம் எடுக்கச் சொன்ன படம் எடுக்கச் சொன்னவருக்கே சேர வேண்டும் என்றால் அது எழுத்தில் இருந்தாக வேண்டும். இரண்டு தரப்பும் இரண்டு நாடுகளில் இருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். எனவே எது யாருக்கு, எப்போதிலிருந்து என்று வெளிப்படையாக எழுதுங்கள். முழுத்தொகை வந்து சேர்ந்ததும் உரிமை மாறும் என்பது இருவருக்கும் நியாயமான ஏற்பாடு. ரா ஃபுட்டேஜும் (வெட்டாத மூலக் காட்சிகள்) எடிட்டிங் ப்ராஜெக்ட் கோப்பும் அதில் சேருமா என்பதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அதிகச் சண்டை வருவது அங்கேதான்.

இசை, எழுத்துரு, ஸ்டாக் காட்சிகள் (ஏற்கெனவே எடுத்து விற்கப்படுபவை), நடிகர்கள் எல்லாவற்றுக்கும் உரிமம் மூன்று அளவுகளில் வரும்: எத்தனை காலம், எந்தெந்த நாடுகள், எந்தெந்த ஊடகம். ஒரு வருட இணைய உரிமத்தோடு வாங்கிய இசையைத் தொலைக்காட்சியில் ஓட்ட முடியாது என்பதை வாடிக்கையாளருக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பிரபலமான பாட்டு வேண்டும் என்று கேட்டால், பாடலாக்கத்துக்கு ஒரு அனுமதி, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு ஒரு அனுமதி என இரண்டு தேவைப்படும் என்று விளக்குங்கள். பாதிப் பேர் அங்கேயே வேறு இசைக்கு ஒத்துக்கொள்வார்கள்.

திருத்தம்: எத்தனை சுற்று என்று எண்ணிக்கை போடுங்கள். ரஃப் கட்டுக்கு இரண்டு, ஃபைன் கட்டுக்கு (மெருகேற்றிய எடிட்) ஒன்று என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். ஒரு சுற்று என்றால் எல்லோருடைய கருத்தும் சேர்ந்த ஒரே பட்டியல் என்றும் எழுதுங்கள். இல்லையென்றால் ஏழு பேர் ஏழு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு அதை ஒரு சுற்று என்பார்கள். குறித்த நாளுக்குள் கருத்து வராவிட்டால் ஒப்புதல் தந்ததாகவே எடுத்துக்கொள்வோம் என்று சிலர் எழுதுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதை வைத்துச் சண்டையில் ஜெயிக்கலாம், வாடிக்கையாளரை இழப்போம். கருத்து எத்தனை நாள் தாமதமாகிறதோ அத்தனை நாள் ஒப்படைப்பும் தள்ளிப்போகும் என்று எழுதினால் போதும்.

ரத்தும் மறுஷூட்டிங்கும்: ஷூட்டிங்குக்கு எத்தனை நாள் முன்னால் ரத்து செய்தால் எவ்வளவு சதவீதம் கட்ட வேண்டும், மழை வந்தால் என்ன ஏற்பாடு என்பவற்றை எழுதுங்கள். எங்கள் கருவிக் கோளாறு என்றால் மறுஷூட்டிங் எங்கள் செலவு. ஒப்புதல் தந்த ஸ்கிரிப்டை அவர்கள் மாற்றினால் அவர்கள் செலவு.

படி 6: ஸ்கிரிப்ட்

பக்கத்தைப் பக்கவாட்டில் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்: ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரிவது, மறுபக்கம் காதுக்குக் கேட்பது. வசனத்தை மட்டும் அனுப்பினால் படிப்பவர் தன் மனதில் வேறு படம் ஒன்றை ஓட்டிக்கொள்வார். பிறகு நீங்கள் எடுத்த படம் அவருக்கு ஏமாற்றமாகவே இருக்கும்.

நீளத்தைச் சொல் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடாமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாக வாய்விட்டுப் படியுங்கள். 60 விநாடி வீடியோவுக்கு எழுதியது 58 விநாடி வருகிறது என்றால் அது அதிகம். மூச்சு விடவும், படம் பேசவும் இடமில்லை. 45 வந்தால் நல்லது. வாடிக்கையாளர் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னால் எதை எடுக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள்.

உண்மைத் தகவல்களை இந்தக் கட்டத்திலேயே சரிபார்க்கச் சொல்லுங்கள்: பெயர்கள், பதவிகள், அளவுகள், சான்றிதழ்கள், ‘முதல்’, ‘ஒரே’, ‘மிகப் பெரிய’ போன்ற உரிமைகோரல்கள். சீக்கிரம் பழசாகிற தகவல்களையும் கவனியுங்கள். “25 ஆண்டுகளாக” என்று வாய்ஸ் ஓவரில் சொன்னால் அடுத்த வருடமே அது தவறாகிவிடும். தொடங்கிய வருடத்தைச் சொன்னால் என்றைக்கும் சரி.

அனிமேஷன் அல்லது விளம்பரம் என்றால் காட்சிகளை வரிசையாக வரைந்த ஸ்டோரிபோர்டும், அதைத் தற்காலிகக் குரலோடு ஓட்டிக்காட்டும் அனிமேட்டிக்கும் கட்டாயம். அனிமேஷனில் முடிந்த காட்சியைத் திருத்துவது ஏறக்குறைய புதிதாகச் செய்வதுதான்.

படி 7: ஷூட்டிங்குக்கு முந்தைய கூட்டம்

இயக்குநர், தயாரிப்பாளர், ஒளிப்பதிவாளர், வாடிக்கையாளர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஷாட் பட்டியல், லொகேஷன், உடை, பொருட்கள், நேர அட்டவணை எல்லாவற்றையும் ஒருமுறை முழுதாகப் பார்க்க வேண்டும். இதற்குமுன் லொகேஷனை நேரில் பார்த்திருக்க வேண்டும், முடிந்தால் ஷூட்டிங் நடக்கப்போகும் அதே நேரத்தில். வெயில் எந்த ஜன்னல் வழியாக வருகிறது, ஏசியை நிறுத்த முடியுமா, பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்பதெல்லாம் புகைப்படத்தில் தெரியாது.

வாடிக்கையாளர் தரப்பு செய்ய வேண்டியவற்றை ஒரு தனிப் பட்டியலாகக் கொடுங்கள்: அனுமதிகள், படத்தில் வரப்போகும் ஊழியர்களின் பெயர்கள், சுத்தமான புதிய தயாரிப்பு மாதிரிகள், வெக்டர் வடிவில் (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோப்பு) லோகோ, மேஜைமேல் இருக்கும் ரகசிய ஆவணங்களை எடுத்துவைப்பது. நெருக்கமான கோடு போட்ட சட்டை கேமராவில் அலைபாயும் என்பதையும் சொல்லிவிடுங்கள். முகம் தெரிகிற எல்லோரிடமும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ஊழியர் என்றாலும்தான்; அவர் நாளை வேலையை விட்டுப் போன பிறகும் வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்.

ஷூட்டிங்குக்கு முந்தைய நாள் கால் ஷீட் (யார், எங்கே, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்ற தாள்) எல்லோருக்கும் போய்ச் சேரட்டும்.

படி 8: ஷூட்டிங் நாள்

வாடிக்கையாளருக்குத் தனி மானிட்டர் வையுங்கள். கேமரா லாக் வடிவில் (பிறகு வண்ணம் சேர்க்க வசதியான தட்டையான பதிவு) பதிவு செய்தால் படம் வெளிறித் தெரியும், பார்ப்பவர் பயந்துபோவார். மானிட்டரில் ஒரு லட் (வண்ணத்தை மாற்றிக் காட்டும் அமைப்பு) போட்டு, ஏறக்குறைய கடைசி வண்ணத்தில் காட்டுங்கள்.

அவர் கருத்து சொல்வதென்றால் தயாரிப்பாளரிடமோ இயக்குநரிடமோ மட்டும் சொல்ல வேண்டும் என்று காலையிலேயே பேசிக்கொள்ளுங்கள். நடிகரிடமோ கேமராமேனிடமோ நேராகச் சொன்னால் ஒரே செட்டில் இரண்டு இயக்குநர்கள் ஆகிவிடும். அதே சமயம் அவர் சொல்வதை நிஜமாகவே காதில் வாங்குங்கள். அந்தக் கருவியை எந்தக் கையால் பிடிக்க வேண்டும், எந்தப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொழிற்சாலைக்குள் யாரும் நிற்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு முக்கியக் காட்சிக்கும் “இது சரியா, அடுத்ததுக்குப் போகலாமா?” என்று கேட்டுவிட்டு நகருங்கள்.

ஊழியர்களின் பேட்டி எடுக்கும்போது மேலதிகாரியை அறைக்கு வெளியே உட்காரச் சொல்லுங்கள். அவர் உள்ளே இருந்தால் பேசுபவரின் கண் அங்கேதான் போகும், பேச்சும் அறிக்கை படிப்பது போலாகிவிடும். கேள்விகளை முழுதாக முன்பே அனுப்பினால் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். தலைப்புகளை மட்டும் அனுப்புங்கள். கேள்வியையும் சேர்த்தே பதிலாகச் சொல்லச் சொல்லுங்கள், எடிட்டிங்கில் உங்கள் குரலை எடுத்துவிடுவீர்கள் அல்லவா. முடிந்ததும் எல்லோரும் அமைதியாக நிற்க, அறையின் வெறும் ஒலியை 30 விநாடி பதிவு செய்யுங்கள், எடிட்டிங்கில் இடைவெளிகளை நிரப்ப.

அன்றிரவே ஃபுட்டேஜ் மூன்று பிரதியாக வேண்டும், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு இடத்தில். அதைச் சரிபார்த்தபின் மெமரி கார்டை அழிக்கலாம்.

படி 9: எடிட்டிங்கும் திருத்தங்களும்

முதல் ரஃப் கட்டை லிங்காக அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். முடிந்தால் கூட இருந்து காட்டுங்கள், நேரிலோ அழைப்பிலோ. எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள்: “கதை ஓட்டமும் நீளமும் சரியா என்று மட்டும் பாருங்கள். வண்ணம், ஒலி, எழுத்துகள் எல்லாம் தற்காலிகம்.” இதைச் சொல்லாவிட்டால் கருத்துகளில் பாதி வண்ணத்தைப் பற்றித்தான் வரும்.

தற்காலிக இசையில் ஜாக்கிரதை. வாங்க முடியாத பாட்டைப் போட்டுக் காட்டினால் அதில் மனம் ஒட்டிக்கொள்ளும்; பிறகு எது போட்டாலும் குறையாகத் தெரியும். உரிமம் கிடைக்கும் இசையை மட்டுமே போடுங்கள்.

கருத்துகள் நேரக்குறிப்போடு வரட்டும். ஃப்ரேம்.ஐஓ போன்ற தளங்களில் வீடியோவின் மேலேயே குறிக்கலாம். ஒரு அட்டவணைத் தாளும் போதும். என்ன மாற்ற வேண்டும் என்பதைவிட என்ன உறுத்துகிறது என்று எழுதச் சொல்லுங்கள். “00:42-இல் இரண்டு ஷாட்டை எடுத்துவிடுங்கள்” என்று வந்தால் ஏன் என்று கேளுங்கள். “அந்த இடம் இழுக்கிறது” என்று பதில் வரலாம். இழுவைக்குக் காரணம் அதற்கு முந்தைய பேச்சாக இருக்கலாம். ஷாட்டை எடுத்தும் பிரச்சினை தீராது. இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னால் நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். படி 2-இல் பெயர் எழுதியிருக்கிறோமே, அவர் சொல்லட்டும்.

ஒப்பந்தத்தில் இல்லாத கூடுதல் வேலை வந்தால் ஒரு சிறு மாற்றக் குறிப்பு அனுப்புங்கள்: என்ன மாற்றம், எவ்வளவு செலவு, எத்தனை நாள். ‘சரி’ என்று வந்தபின் தொடங்குங்கள். சின்ன வேலை, இலவசமாகச் செய்துதரலாம் என்று நினைத்தாலும் குறிப்பை அனுப்பி, கட்டணம் பூஜ்யம் என்று போடுங்கள். நாலாவது சின்ன வேலை வரும்போது அதற்குப் பணம் கேட்பது அப்போது யாருக்கும் அதிர்ச்சியாக இருக்காது.

ஃபைன் கட் முடிந்ததும் “படம் லாக் செய்யப்பட்டது (பூட்டப்பட்டது), இனி காட்சிகளின் நீளம் மாறாது” என்று எழுதி அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். வண்ணம், கிராஃபிக்ஸ், இசை, மிக்ஸிங் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

படி 10: வண்ணம், ஒலி

இங்கே வாடிக்கையாளருக்கு அதிக வேலை இல்லை. ஒலி அளவு மட்டும் எங்கே ஓடப்போகிறது என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் வெளியிட்ட ஆர் 128 பரிந்துரை தொலைக்காட்சிக்கு மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) என்கிறது. யூடியூப் அதிகச் சத்தமானதைச் சுமார் மைனஸ் 14 அளவுக்குக் குறைக்கிறது. ஒரே மிக்ஸை இரண்டுக்கும் அனுப்பாதீர்கள். வாடிக்கையாளரைக் கைபேசியிலும் நல்ல ஹெட்ஃபோனிலும் கேட்டுப்பார்க்கச் சொல்லுங்கள்.

படி 11: ஒப்படைப்பு

மாஸ்டர் கோப்பு, இணையத்துக்கு எச்.264 எம்பி4 (சுருக்கிய வீடியோ கோப்பு), ஒவ்வொரு வடிவத்துக்கும் தனிக் கோப்பு, எஸ்ஆர்டி சப்டைட்டில், முகப்புப் படம். கூடவே திரையில் எழுத்து இல்லாத ஒரு பதிப்பையும், பேச்சு, இசை, விளைவொலி மூன்றையும் தனித்தனித் தடங்களாகவும் கொடுங்கள். நாளை வேறு மொழியில் டப் செய்யவோ ஒரு பதவிப் பெயரை மாற்றவோ இவை இருந்தால் போதும். இசை உரிமச் சான்றையும் அதே ஃபோல்டரில் வையுங்கள். யூடியூபில் உரிமைகோரல் வந்தால் அவர்கள் தேடுவது அதைத்தான். கோப்பின் பெயரில் ‘ஃபைனல்’ என்று போடாமல் பதிப்பு எண்ணும் தேதியும் போடுங்கள்.

படி 12: அதற்குப் பிறகு

இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு அழைப்பு. படி 1-இல் எழுதிய நோக்கம் நடந்ததா என்று கேளுங்கள்: சேவை மையத்துக்கு ஃபில்டர் அழைப்புகள் குறைந்தனவா? எந்த இடத்தில் பார்வையாளர்கள் விட்டுப் போகிறார்கள் என்று யூடியூபின் புள்ளிவிவரத்தைச் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். அடுத்த ஸ்கிரிப்டுக்கு அதைவிட நல்ல தகவல் கிடைக்காது.

ரா ஃபுட்டேஜை எத்தனை காலம் வைத்திருப்பீர்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ப்ரோரெஸ் 422 எச்க்யூ என்ற உயர்தரப் பதிவு வடிவில் 4கே படம், விநாடிக்கு 24 பிரேம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 318 ஜிபி அளவுக்கு வரும். மூன்று பிரதி என்றால் ஏறக்குறைய ஒரு டிபி. என்றென்றைக்கும் வைத்திருக்க முடியாது. அழிப்பதற்கு ஒரு மாதம் முன்னால் எழுதிக் கேளுங்கள்: ஹார்ட் டிஸ்க் வாங்கி அனுப்புகிறார்களா, கட்டணம் கட்டி நீட்டிக்கிறார்களா, அழித்துவிடலாமா? பதில் எழுத்தில் வந்தபின் அழியுங்கள்.